கதையில் இல்லாத மரங்கொத்தி

முதல் தாளைக் குப்புறப் போட்டு, அதன் மேல் ஈரத்துணியை விரித்து, இஸ்திரிப் பெட்டியை மெல்ல வைத்தபோது அவருக்கு மனசு நிறைந்திருந்தது. அடியில் பூத்துவாலை ஒன்றை இரண்டாக மடித்துப் போட்டிருந்தார். பூவேலை செய்த துணியை அப்படித்தான் தேய்க்க வேண்டும். பூ துவாலைக்குள் புதைந்துகொள்ளும், பெட்டி முதுகில் மட்டும் ஓடும், திருப்பிப் பார்த்தால் துணி பலகை மாதிரியும் பூ பூவாகவும் இருக்கும். கடை போட்டு, பெட்டி பிடித்து, அதிலேயே தலை நரைத்தவர் அவர். பிரெயில் தாளும் ஒரு விதத்தில் பூவேலைதானே என்று அவருக்குத் தோன்றியது. எழுத்தெல்லாம் புடைத்துக்கொண்டு நிற்கிற புள்ளிகள். பூவைக் காப்பாற்றத் தெரிந்தவனுக்குப் புள்ளியைக் காப்பாற்றத் தெரியாதா என்ன?

மேசைக்குப் பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு பிளக். அதில் டீச்சருடைய பிரெயில் பிரிண்டர் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம்தானே என்று அதைப் பிடுங்கிவிட்டுத்தான் இஸ்திரிப் பெட்டியைச் செருகியிருந்தார். குளியலறையிலிருந்து தண்ணீர்ச் சத்தத்தோடு டீச்சரின் குரலும் வந்தது. "ஒரு ஊர்ல ஒரு லிஃப்ட் இருந்துச்சு" என்ற ஒரே வரியை டீச்சர் ஏழெட்டு விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் ஒவ்வொரு தாளாகத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். புள்ளிகள் வரிசை கலையாமல் அப்படியே இருந்தன. கண்ணுக்கு இருந்தன. தொட்டுப் பார்க்க வேண்டும் என்று அந்த மனிதருக்கு ஏனோ தோன்றவில்லை.

டீச்சர் என்பது அவருடைய மனைவி. ஊரார் டீச்சர் என்று கூப்பிட்டதைக் கேட்டுக் கேட்டு அவரும் அப்படியே கூப்பிடப் பழகி, கல்யாணத்துக்குப் பிறகும் அது மாறவில்லை. டீச்சருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிறார். இருவரும் முதலில் பேசிக்கொண்டதே ஒரு சண்டையில்தான். தன் உடைகளின் காலர் ஓரத்தில் டீச்சர் நூலால் முடிச்சுப் போட்டு வைத்திருப்பார். ஒரு முடிச்சு வெள்ளை, இரண்டு முடிச்சு நீலம் என்று கணக்கு. தேய்க்க வந்த துணியில் என்னடா இது நூல் துருத்திக்கொண்டு நிற்கிறதே என்று இவர் அத்தனையையும் கத்தரித்துச் சுத்தம் செய்துவிட்டார். மறுநாள் டீச்சர் கடைக்கு வந்து, வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் கேட்க அவரை வாங்கு வாங்கென்று வாங்கினார். இவர் பதில் பேசாமல் ஊசி நூலை எடுத்து, நிறம் சொல்லிச் சொல்லி மறுபடி முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். போட்டதில் பாதி தப்பு. அதைச் சரிசெய்ய டீச்சர் திரும்ப வந்தார். அப்புறம் துணியே இல்லாமலும் வர ஆரம்பித்தார். இருவரும் நாற்பதைத் தாண்டியிருந்தார்கள். யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் டீச்சர் போட்டது ஒரே நிபந்தனை. "என் பொருள் எதைத் தொட்டாலும் சொல்லிட்டுத் தொடுங்க. அவ்வளவுதான்." அவரும் தலையாட்டினார். ஆட்டிய தலை டீச்சருக்குத் தெரியாதே என்று உடனே நினைவு வந்து, "சரிங்க டீச்சர்" என்று வாயாலும் சொன்னார்.

இன்றைக்குச் சொல்லாமல் தொட்டதற்குக் காரணம் இருந்தது. வானொலியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் குழந்தைகளுக்குக் கதை சொல்லும் நேரம் ஒன்று உண்டு. டீச்சர் சின்னப் பெண்ணாக இருந்தபோது வானொலிப் பெட்டியில் காதை ஒட்டவைத்துக்கொண்டு கேட்ட நேரம் அது. என்றைக்காவது அந்தக் கதை சொல்கிற நாற்காலியில் நான் உட்கார வேண்டும் என்று அப்போதே நினைத்தாராம். அதை இவரிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறார். அந்த நாற்காலி இப்போது காலியாகியிருந்தது. டீச்சர் எழுதி அனுப்பிய லிஃப்ட் கதை நிலையத்தாருக்குப் பிடித்துப்போய், இந்த ஞாயிறு வந்து நேரடியாகச் சொல்லுங்கள், நன்றாக அமைந்தால் வாராவாரம் நீங்கள்தான் என்று சொல்லிவிட்டார்கள். கூடவே ஒரு வார்த்தை: மைக் பொல்லாதது, தாள் சரசரக்கக் கூடாது.

வம்பு அங்கேதான் வந்தது. பிரெயிலுக்குத் தடித்த தாள் வேண்டும். அச்சகத்தில் சுருளாக வாங்கி வீட்டில் வெட்டிக்கொள்கிற தாள், எத்தனை நாள் புத்தகங்களுக்கு அடியில் வைத்தாலும் பழைய சுருட்டலை மறப்பதில்லை. பிரிண்டருக்குள் போகும்போது சிக்கும், வெளியே வந்தால் சுருண்டுகொண்டு சரசரக்கும். "இதை யாராவது நேராக்கிக் குடுத்தாத் தேவல" என்று டீச்சர் நேற்றுப் பெருமூச்சு விட்டார். ஊருக்கே நேராக்கிக் கொடுக்கிற மனிதர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது! அவருக்கு ரோஷமாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது. சொன்னால் வேண்டாம் என்பார், செய்து கையில் கொடுத்தால் அசந்துபோவார் என்று கணக்குப் போட்டார்.

தாள்களைக் கோப்பில் அடுக்கி, பிரிண்டரையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். பெரிய அகராதி அளவுதான் இருக்கும் அந்தப் பிரிண்டர். ஆனால் எடுத்துத் தோளில் மாட்டினால்தான் கனம் தெரியும். வீட்டில் கதை எழுத, பள்ளிக்கூடத்தில் பாடக்குறிப்பு எடுக்க, வெளியூர் போனால் விடுதி அறையில் அடியில் தலையணை வைத்து அச்சடிக்க என்று டீச்சர் போகிற இடமெல்லாம் அதுவும் வரும். "நமக்குக் கைக்குழந்தை இல்லாத குறை தீர்ந்துபோச்சு" என்று அவர் கேலி செய்வார். இன்றைக்கு அது தேவையே இல்லை, எல்லாம் அச்சாகித் தயாராக இருக்கிறது. ஆனாலும் டீச்சர் விடவில்லை. "அது கூட இருந்தா எனக்குத் தைரியம்" என்றார்.

நிலையத்தில் காத்திருக்கும் அறையில் இரண்டு நாற்காலி, ஒரு தண்ணீர்க் குடுவை, சுவரில் ஒரு ஒலிபெருக்கி. நிகழ்ச்சியைப் பார்த்துக்கொள்கிற பெண் கழுத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வந்து, இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது, கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். டீச்சர் மடியில் கோப்பைத் திறந்து முதல் தாளில் விரல் வைத்தார். விரல் வலது ஓரம்வரை போயிற்று. திரும்பி வந்தது. மறுபடி போயிற்று. அடுத்த தாளை எடுத்தார், அதற்கடுத்ததை எடுத்தார்.

"என்னங்க, வெறும் தாளை எடுத்துட்டு வந்துட்டீங்களா?"

"இல்லையே டீச்சர், அதேதான். நல்லாப் பாருங்க."

"பாத்துட்டேன்."

"இதோ இருக்கே, புள்ளி!" என்று ஒரு தாளை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். யாருக்குக் காட்டுகிறோம் என்பது காட்டிய பிறகுதான் உறைத்தது. முதல் தடவையாக அந்தத் தாளின் மேல் தன் விரலை வைத்துத் தடவினார். புதுச் சட்டையின் முதுகு மாதிரி வழவழவென்று இருந்தது.

டீச்சர் தாளை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். ஈரத்துணிச் சூடு வாசனை அவருக்குத் தெரியாததா? புருஷனே அந்த வாசனையோடுதான் தினமும் வீட்டுக்கு வருகிறார்.

"தேச்சீங்களா?"

"குப்புறப் போட்டுத்தான் தேச்சேன் டீச்சர். அடியில துவாலை போட்டு. பூவேலைக்குப் போடுற மாதிரி."

"பூவேலைக்கு."

"சுருளுதுன்னு சொன்னீங்களே..."

டீச்சர் தாளைக் கோப்புக்குள் வைத்து மூடினார். இஸ்திரிக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடையில் ஒரு தடவை யாருடைய பட்டுச் சட்டையையோ பொசுக்கிவிட்டபோதுகூட இப்படி ஆனதில்லை. இத்தனை வருஷம் அந்த நாற்காலிக்காகக் காத்திருந்தவரின் கதையைத் தன் கையாலேயே அழித்திருக்கிறார், அதுவும் சந்தோஷமாகச் சீட்டியடித்துக்கொண்டு.

"திட்டுங்க டீச்சர். வாய் விட்டுத் திட்டிடுங்க."

"நேரமில்ல. வீட்டுக்குப் போயி வட்டியோட திட்டறேன். பிரிண்டரை எடுங்க."

கதை டீச்சரின் கைப்பேசியில் இருந்தது, அங்கிருந்தே பிரிண்டருக்கு அனுப்பி அச்சடிக்கலாம். மனப்பாடமாகவே சொல்லிவிடலாமே என்று கேட்க அவர் வாயெடுத்தார். டீச்சர் அதற்கு முன்பே சொல்லிவிட்டார், கதை தெரியும், ஆனால் விரலுக்குக் கீழே எழுத்து இல்லையென்றால் மைக்குக்கு முன்னால் தொண்டை அடைத்துவிடும் என்று. கைப்பேசியைக் காதில் பேசவிட்டுக் கேட்டுக் கேட்டுச் சொன்னால் குரலும் அந்த இயந்திரக் குரல் மாதிரி ஆகிவிடுமாம். தாள் வேண்டும். இருப்பது இந்தத் தேய்த்த தாள்கள் மட்டுமே. டீச்சர் முதல் தாளைச் செருகினார். டகடகடகவென்று பிரிண்டர் கொத்த ஆரம்பித்தது. வெளியே வந்த தாளில் விரலை ஓட்டினார். அழிந்த பழைய புள்ளிகளுக்கு நடுவே புதுப் புள்ளிகள் நன்றாகவே நின்றன.

"சிக்காம வருதே" என்று டீச்சர் தன்னையறியாமல் சொன்னார்.

"தேச்ச தாளு டீச்சர், அதான்..."

"நீங்க பேசாதீங்க."

ஹெட்போன் பெண் திரும்பி வந்தபோது மூன்று தாள்தான் முடிந்திருந்தது. விஷயத்தைக் கேட்டதும் அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆனால் யோசிக்கத் தெரிந்த பெண். முடிந்த தாள்களோடு டீச்சர் உள்ளே போகட்டும், பிரிண்டரை ஒலிப்பதிவு அறை வாசலில் ஒரு நாற்காலியில் வைத்து மீதியை அச்சடிக்கட்டும், ஆக ஆக இவர் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் டீச்சரின் இடது கைப் பக்கம் வைக்கட்டும் என்றாள். "செருப்பைக் கழட்டிடுங்க சார். கதவை மெதுவாத் திறங்க. உள்ள வந்தா இருமல், தும்மல் எதுவும் கூடாது. மூச்சே விடாதீங்க." டீச்சரும் தன் பங்குக்கு ஒன்று சொன்னார். "தாளை ஓரத்துல மட்டும் பிடிங்க. புள்ளி மேல உங்க கை படவே கூடாது."

அவர் தன் தோள் துண்டை எடுத்து மடித்து, நாற்காலியில் போட்டு, அதன் மேல் பிரிண்டரை வைத்தார். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. நடைக்கூடத்து ஒலிபெருக்கியில் டீச்சரின் குரல் வந்தது. "ஒரு ஊர்ல ஒரு லிஃப்ட் இருந்துச்சு." குளியலறையில் கேட்ட ஏழெட்டு விதத்தில் இது ஒன்றுகூட இல்லை, இது அத்தனையையும்விட நன்றாக இருந்தது. மேலேயும் கீழேயும் போய்ப் போய் அலுத்துப்போன லிஃப்ட் அது. ஜன்னல் வழியாகப் பூங்காவைப் பார்த்து, ஒரே ஒரு நாள் பக்கவாட்டில் போக வேண்டும் என்று ஆசைப்படுகிறது. தன் மனைவியின் குரல் இந்த நேரத்தில் எத்தனை வீடுகளுக்குள் போயிருக்கும் என்று நினைத்தபோது இஸ்திரிக்காரருக்குப் பெருமையில் கண் கலங்கிவிட்டது. உடனே பயமும் பிடித்துக்கொண்டது.

நாலாவது தாள் வந்தது. அடுத்ததைச் செருகிவிட்டு, இதை இரண்டு விரல் நுனியால் ஓரத்தில் பிடித்துக்கொண்டு, தோளால் கதவைத் தள்ளினார். அவர் சத்தம் போடவில்லை. ஆனால் கதவு திறந்ததும் வாசலில் கொத்திக்கொண்டிருந்த பிரிண்டரின் டகடகடக அவரோடு சேர்ந்து உள்ளே நுழைந்தது. அறையின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஹெட்போன் பெண் இரண்டு கையாலும் காதைப் பொத்தினாள். டீச்சர் ஒரு மூச்சு நேரம் நிறுத்தினார்.

"அட, கேட்டீங்களா? லிஃப்டோட தலை மேல யாரோ கொத்தறாங்க. யாரது? மரங்கொத்தி! பாவம், லிஃப்டை மரம்னு நினைச்சுக்கிச்சு."

தாளை வைத்துவிட்டு வெளியே வந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை. கதையில் மரங்கொத்தி கிடையாது. எத்தனை தடவை கேட்டிருக்கிறார், எலி உண்டு, வாட்ச்மேன் உண்டு, மரங்கொத்தி கிடையவே கிடையாது. கதவை மூடிய பிறகுதான் விளங்கியது. அந்த மரங்கொத்தி தான்தான்.

ஐந்தாவது தாளோடு மரங்கொத்தி மறுபடி வந்தது. இந்தத் தடவை டீச்சர் தயாராக இருந்தார். "வந்துட்டாருய்யா!" என்றார். அவர் வெளியே வந்து ஒலிபெருக்கிக்குக் கீழே நின்றார். லிஃப்ட் கேட்டது, "ஏம்பா, என்னை எதுக்குக் கொத்தற?" மரங்கொத்தி சொன்னது, "நீ கோணலா நிக்கற மாதிரி இருந்துச்சு. நேராக்கி விடலாம்னுதான்." "நான் கேட்டேனா?" என்றது லிஃப்ட். "கேக்கல. ஆனா ராத்திரி பெருமூச்சு விட்டியே, அது எனக்குக் கேட்டுச்சே." லிஃப்ட் சொன்னது: "நல்ல மனசுதான் உனக்கு. மூக்குதான் கொஞ்சம் அவசரம்." ஒலிபெருக்கிக்குக் கீழே நின்றவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். டீச்சருக்குக் கோபம் இல்லாமல் இல்லை, வீட்டில் வட்டி காத்திருக்கிறது. ஆனாலும் ஊருக்கே கேட்கும்படி தன்னிடம் மட்டும் பேசுகிற மனைவி எத்தனை பேருக்கு வாய்க்கும்?

அதன் பிறகு ஒவ்வொரு தாளோடும் மரங்கொத்தி வந்தது. கதவு திறக்கும் நேரம் பார்த்து டீச்சரே "இப்ப வரும் பாருங்க" என்று காத்திருக்க ஆரம்பித்தார். ஹெட்போன் பெண் காதிலிருந்து கையை எடுத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். லிஃப்ட் கீழ்த்தளத்துக்கு வந்துவிட்டது. குடியிருப்பவர்கள் எல்லாம் தெருவில் கூடிவிட்டார்கள். பக்கவாட்டில் போகுமா, போகாதா?

கடைசித் தாளில் பாதி அச்சாகும்போது பிரிண்டர் நின்றது. டக் என்று ஒரு அடி, அப்புறம் ஒன்றுமில்லை. அவர் பொத்தானை அழுத்தினார். பையைத் துழாவினார். சார்ஜர் இல்லை. வீட்டு மேசையின் ஓரத்தில் அந்த வயர் தொங்குவது அவர் கண் முன்னால் வந்து நின்றது. இஸ்திரிப் பெட்டிக்காகப் பிடுங்கி அங்கே போட்டவர் அவரேதான். உட்கார்ந்து அழலாம் போல இருந்தது. ஒலிபெருக்கியில் டீச்சர் முந்தின தாளின் கீழ் வரிகளுக்கு வந்துவிட்டார் என்று குரலிலேயே தெரிந்தது. அவர் தாளை மெல்ல இழுத்தெடுத்தார். மேல் பாதியில் புள்ளிகள். கீழ் பாதி அவருடைய கைவேலை, ஒரு சுருக்கம் இல்லாமல் பளிச்சென்று.

கதவைத் திறந்தார். இந்தத் தடவை எந்தச் சத்தமும் உள்ளே வரவில்லை. டீச்சரின் தலை லேசாகத் திரும்பியது. தாளை வைத்தார். டீச்சரின் விரல்கள் அதன் மேல் ஏறி ஓடின, குரல் அதன் கூடவே ஓடியது. "லிஃப்ட் மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிச்சு. தெருவுல எல்லாரும் அதையே பாத்துக்கிட்டு நின்னாங்க..." அங்கே புள்ளி முடிந்தது. விரல்கள் வழவழப்புக்குள் இறங்கி, இடமும் வலமுமாகத் தேடின. வெளியே போனால் கதவுச் சத்தம் கேட்கும், நின்றால் ஒன்றும் செய்ய முடியாது. அவர் நின்றார். அறைக்குள் மௌனம் நீண்டுகொண்டே போயிற்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெட்போன் பெண் எழுந்து, இசையைப் போட்டுவிடலாம் என்று பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனாள்.

"லிஃப்ட் ஏன் கிளம்பல தெரியுமா?" என்றார் டீச்சர். "அதோட சிநேகிதன் இன்னும் வரல. மரங்கொத்தி வந்து ஒரு தட்டு தட்டினாத்தான் நான் போவேன்னுச்சு."

டீச்சரின் இடது கை காற்றில் நீண்டு அவருடைய மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது. பிடித்து இழுத்தது. ஆள்காட்டி விரலை மடக்கி, பழைய சூட்டுத் தழும்பு இருக்கும் அந்தக் கணுவை மேசைப் பலகைக்கு மேலே கொண்டுவந்து நிறுத்தியது. அவர் திகைத்துக் கண்ணாடியைப் பார்த்தார். மூச்சே விடாதீங்க என்று சொன்ன பெண், பொத்தானின் மேல் நிறுத்திய கையோடு அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் மைக்கின் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தார். எங்கெங்கோ வீடுகளில் பிள்ளைகளும் காத்திருந்தார்கள். இஸ்திரிக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பட்டுத் துணியில் பெட்டியை இறக்குகிற பதத்தில், மேசையில் ஒரு தட்டு தட்டினார்.